வாரத்துக்கு எத்தனை முறை

பரேலில், ரத்தம் எடுக்கும் வரிசைக்கும்
லிஃப்டுக்கும் நடுவே எனக்கொரு பிளாஸ்டிக் மேஜை.
தமிழ் பேசும் நோயாளி என்றால் என்னிடம் அனுப்புவார்கள்.
பதினாறு பக்கம், ஆளுக்கு ஐம்பது நிமிடம்.
கேட்கலாம், எழுதலாம்.
புத்தி சொல்லக் கூடாது, அது ஆய்வின் விதி.

கீரை வாரத்துக்கு எத்தனை முறை?

"எந்த வாரத்தக் கேக்கீய?" என்றார் ஞானசிகாமணி,
தாராவி, தொண்ணூறடி ரோடு, தோல் பட்டறை.
"சம்பள வாரமா, மத்த மூணு வாரமா?"

படிவத்தில் இருப்பது ஒரே கட்டம்.
கூட்டி வகுத்து ஒன்றரை என்று எழுதினேன்.
ஒன்றரை முறை கீரை தின்ற மனிதன்
உலகத்தில் எங்கும் இல்லை.

பழம்?
அவர் பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தார்.
அவள் பெயர் அன்னப்பழம்.
மூவரும் சிரித்துவிட்டோம்.
அவருக்குச் சிரிக்க வாய் முழுதாகத் திறக்கவில்லை,
இரண்டு விரல் அளவுதான்.

குடி? "விட்டாச்சு" என்றார்.
"போன மாசம்" என்றாள் அவள்.

மாவா எந்த வயதில்?
நாக்கால் இடது கன்னத்தைத் துழாவினார்,
பொட்டலம் இன்னும் அங்கே ஒதுங்கியிருப்பதுபோல.
"பதினேழு. தோலுக்கும் சுண்ணாம்பு, வாய்க்கும் சுண்ணாம்பு.
பதினாலு மணி நேரம் நிக்கணும்லா,
மென்னா பசி தெரியாது.
ஊறப்போட்டா தோலு இளகும்னு தெரிஞ்ச எனக்கு
வாயும் தோலுதான்னு தோணலியே."

இதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.

புகையிலைப் பொடி, மிஷேரி, என்று வாசித்தபோது
அன்னப்பழம் ஆள்காட்டி விரலை
முந்தானைக்குள் மடித்துக்கொண்டாள்.
நுனி கறுத்திருந்தது.
அவளுக்கான படிவம் என்னிடம் இல்லை.

நோயாளி ஒருவருக்கு நோயில்லாத ஒருவர் வேண்டும்:
அதே வயது, அதே பகுதி.
துணைக்கு வந்த பூதப்பாண்டியை உட்காரவைத்தேன்.
அதே பட்டறை. அதே கடையில் மாவா.
இரவு பன்னிரண்டு மணிக்கு அதே வண்டியில்
அதே கறுத்த எண்ணெயில் பொரித்த பஜ்ஜி.
பக்கத்துக்குப் பக்கம் நண்பரின் பதிலையே
பார்த்து எழுதியதுபோல வந்தது.
பதினாறாம் பக்கம் முடிந்ததும் குரலைத் தாழ்த்தினார்:

"எனக்கு ஏன் வரல?"

இது என்னுடைய தாளில் இல்லாத கேள்வி.
இரண்டாயிரம் தாள் சேர்ந்தால் ஒரு கோடு தெரியும்.
இந்தப் பழக்கம் உள்ள கூட்டத்தில் அதிகம் பேர்,
இல்லாத கூட்டத்தில் குறைவு என்று
அந்தக் கோடு சத்தியம் செய்யும்.
யார் என்று கேட்டால் வாய் திறக்காது.
சிகாமணி செய்ததெல்லாம் பாவமும் இல்லை,
பாண்டி தப்பியது புண்ணியமும் இல்லை.
ஆனாலும் சாலையைக் கண்ணை மூடிக்கொண்டு
இத்தனை முறையா கடப்பது?

சொல்லவில்லை. விதி.

அவர் சட்டைப்பையிலிருந்து பொட்டலத்தை எடுத்து
மேஜையில் வைத்தார். "ஆஸ்பத்திரிக்குள்ள
கொண்டுபோனா புடுங்கிருவான். இது இங்க கெடக்கட்டும்.
சாயங்காலம் வாங்கிக்கிடுதேன்."
இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

மூன்றே முக்காலுக்கு என் மதியச் சாப்பாடு வடாபாவ்.
ஒருநாள் என்னை நானே கேட்டுப் பார்த்திருக்கிறேன்.
உட்கார்ந்திருப்பது: ஒன்பது மணி நேரம்.
உடற்பயிற்சி: கல்யாண் ரயிலுக்கு ஓடுவதைச் சேர்க்கலாமா?
ஆறாம் பக்கத்தில் நிறுத்திவிட்டேன்.

ஆறு மணிக்கு பூதப்பாண்டி வந்தார்.
மேலே சிகாமணிக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டாயிற்றாம்,
கஞ்சி அதில்தான் இறங்குகிறதாம்.
கையை நீட்டினார்.

"சாவியைக் காணோம்" என்றேன்.

சாவி என் கழுத்தில்,
அடையாள அட்டையோடு சேர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.
அவர் அதைப் பார்த்தார்.
அவர் பார்த்ததை நான் பார்த்தேன்.
லிஃப்ட் ஒருமுறை வந்து, திறந்து, போயிற்று.

"சரி," என்றார்,
"அப்ப நாளைக்கு வாங்கிக்கிடுதேன்."